‘எங்கே தங்குவது?’ என்று பெருமாள் கேட்ட ஊர்... காகிதத்தில் வாழும் ஹோட்டல் கதைகள்!

சென்னை சென்ட்ரலில் இருந்து புறப்படும் மின்சார ரயில் திருவள்ளூரில் நின்றதும், கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. கையில் துளசி மாலையும் வெல்லப் பொட்டலமும் வைத்திருப்பவர்கள் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போகும் பஸ்ஸைத் தேடுகிறார்கள். தோளில் பை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையுடன் இருப்பவர்கள் தண்டவாளத்தின் மறுபக்கம், மணவாள நகரை நோக்கி நடக்கிறார்கள்.

மேல்நல்லாத்தூரில் கனரக இயந்திரத் தொழிற்சாலை. முன்பு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வசம் இருந்தது, இப்போது கேட்டர்பில்லர். இன்னொரு பக்கம் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை. இதே மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். இந்தத் தொழிற்சாலைகளை நம்பி வெளியூர், வெளி மாநிலம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்களுக்கு முதலில் தேவைப்படுவது இரண்டு: சாப்பாடு, படுக்க ஓர் இடம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரின் பெயரே அந்தக் கேள்வியில் இருந்துதான் பிறந்தது என்கிறது தலபுராணம். சாலிஹோத்ர முனிவர் ஓராண்டு தவம் இருந்து, பிறகு மாவு இடித்து உணவு சமைத்து, அதிதிக்காகக் காத்திருக்கிறார். வயதான அந்தணராக வந்த பெருமாள் அத்தனையும் சாப்பிட்டுவிடுகிறார். முனிவர் மீண்டும் ஓராண்டு பட்டினி கிடந்து தவம் செய்கிறார். அடுத்த முறையும் அதே கிழவர் வருகிறார், சாப்பிடுகிறார், களைப்பாக இருக்கிறது என்று சொல்லி, ‘எவ்வுள்?’ என்று கேட்கிறார். அதாவது, படுக்க எந்த அறை? முனிவர் தன் குடிலையே காட்ட, அங்கேயே பள்ளிகொண்டுவிட்டார் பெருமாள். அதனால் ஊர் ‘திருஎவ்வுள்’ ஆனது.

இன்றும் அமாவாசைக்கு முதல் நாள் மாலையே வந்து, இரவு தங்கி, விடியற்காலையில் திருக்குளத்தில் நீராடி, வெல்லம் கரைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தை அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆக, தங்க வந்தவர்களின் ஊர் இது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டபோதும், திருவள்ளூர் வழியாகத்தான் போனது. இவ்வளவு பேர் வந்து தங்கிச் சென்ற ஊரில், அவர்கள் சாப்பிட்டதற்கும் தங்கியதற்கும் சாட்சியாக என்ன மிஞ்சியிருக்கிறது? கட்டடங்கள் இடிக்கப்படுகின்றன. முதலாளிகள் மாறுகிறார்கள். எங்காவது ஒரு பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் கசங்கிக் கிடக்கும் ஒரு பில், ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு தீப்பெட்டி அட்டைதான் மிச்சம்.

இந்த மிச்சங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

பெட்டியில் ஒட்டிய விளம்பரம்

ஹோட்டல் விளம்பரக் காகிதங்களில் ராஜா என்றால் அது லக்கேஜ் லேபிள்தான். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரை இதன் பொற்காலம். கப்பலிலும் ரயிலிலும் பெரிய பெரிய பெட்டிகளோடு பயணம் செய்த காலம் அது. ஹோட்டலுக்கு வந்த விருந்தாளியின் பெட்டியில், அங்கே வேலை செய்யும் ஆள் ஒரு வண்ண லேபிளை ஒட்டிவிடுவார். ஹோட்டலின் படம், பெயர், ஊர், பக்கத்தில் ஒரு பனை மரமோ யானையோ கப்பலோ இருக்கும்.

செலவு சில காசு. ஆனால், அந்தப் பெட்டி போகும் துறைமுகம், ரயில் நிலையம் எல்லாவற்றிலும் இலவச விளம்பரம். பெட்டிக்குச் சொந்தக்காரருக்கும் பெருமை: ‘நான் எங்கெல்லாம் போய் வந்திருக்கிறேன் பார்’ என்று வாய் திறக்காமல் சொல்லிக்கொள்ளலாம்.

கொழும்பின் கால்பேஸ் ஹோட்டல் (1864), சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் (1887), மும்பையின் தாஜ்மஹால் (1903) போன்றவற்றின் லேபிள்களுக்கு இன்றும் சேகரிப்பாளர்களிடம் மவுசு உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இருந்த ரிக்டர் என்ற அச்சகம், உலகின் பல ஹோட்டல்களுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுத்து அதை ஒரு கலையாகவே ஆக்கியது.

பயணப் பெட்டிகளுக்குப் பெயர்போன பிரெஞ்சு நிறுவனம் லூயி வித்தோன். அதன் நிறுவனரின் பேரன் காஸ்தோன் லூயி வித்தோன், ஆயிரக்கணக்கில் ஹோட்டல் லேபிள்களைச் சேர்த்து வைத்திருந்தார். பெட்டி விற்கும் குடும்பத்தில், பெட்டியின் மேல் ஒட்டுவதையும் ஒருவர் விட்டு வைக்கவில்லை!

விமானப் பயணம் பெருகியதும் பெட்டிகள் சிறுத்தன, கனம் குறைந்தன. லேபிள் ஒட்டும் பழக்கமும் மெல்ல மறைந்தது.

மவுன்ட் ரோட்டின் மாறிய முகங்கள்

சென்னைக்கு வருவோம். இன்றைய கன்னிமாரா ஹோட்டல் இருக்கும் இடத்தில் 1854-ல் இருந்தது இம்பீரியல் ஹோட்டல். அதை நடத்தியவர் திருவல்லிக்கேணி ரத்தினவேலு முதலியார். பிறகு அதுவே ஆல்பனி ஆனது. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர் 1890-ல் அதற்குச் சூட்டப்பட்டது. 1937-ல் ஆர்ட் டெகோ பாணியில் புதுக்கட்டடமாக மறுபடி திறக்கப்பட்டது. ஒரே இடத்துக்கு எத்தனை பெயர், எத்தனை முகம்! ‘ஆல்பனி’ என்று அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தாலும் அதற்குத் தனி மதிப்பு வருவது இதனால்தான்.

அதே மவுன்ட் ரோட்டில் டி ஏஞ்சலிஸ் என்பவர் ஒரு ஹோட்டல் நடத்தினார். ஹோட்டல் நடத்தியதோடு நிற்கவில்லை மனிதர். 1910-ல் ஒரு விமானத்தை இங்கேயே கட்டச் செய்து, பல்லாவரத்தில் பறந்தும் காட்டினார். அந்த ஹோட்டல் இன்று இல்லை.

உடுப்பிப் பக்கத்தில் இருந்து சென்னைக்கு வந்து, ஹோட்டல் சமையலறையில் எடுபிடி வேலையில் தொடங்கியவர் கே.கிருஷ்ண ராவ். ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான ராயப்பேட்டை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, அந்தப் பங்களாவின் பெயரிலேயே 1930-களின் இறுதியில் ‘உட்லண்ட்ஸ்’ தொடங்கினார். பிறகு மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ். 1962-ல் கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ். காரில் உட்கார்ந்தபடியே, கதவில் மாட்டிய தட்டில் தோசையும் காபியும் சாப்பிட்ட தலைமுறை அதை மறக்கவில்லை. 2008-ல் டிரைவ்-இன் மூடப்பட்டது. 2010-ல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது.

பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், ‘தாத்தாவும் பாட்டியும் பெண் பார்த்த பிறகு முதன்முதலாகக் காபி குடித்த இடம் இது’ என்று பேத்தியிடம் காட்ட வேண்டுமென்றால், அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு பழைய மெனு கார்டோ, பில்லோ வீட்டில் இருந்தால் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கம்பீரமாக நின்ற தாசப்பிரகாஷ் ஹோட்டலின் கதையும் இதுதான்.

ஒரு மெனு கார்டு தீர்த்து வைக்கும் வழக்கு

‘சிக்கன் 65’-க்கு ஏன் அந்தப் பெயர்? இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மவுன்ட் ரோடு புஹாரி ஹோட்டலில் 1965-ல் அறிமுகமானதால் அந்தப் பெயர் என்பது ஒரு பதில். மெனு கார்டில் 65-வது அயிட்டம், தமிழ் தெரியாத ராணுவ வீரர்கள் எண்ணைச் சொல்லி ஆர்டர் செய்தார்கள் என்பது இன்னொன்று. 65 நாள் கோழி, 65 மிளகாய் என்று நீளும் கதைகளும் உண்டு.

இந்த வழக்கைத் தீர்க்க நீதிபதி வேண்டாம், தேதியுள்ள ஒரு மெனு கார்டு போதும். 1960-களில் அச்சான அட்டை ஒன்று, எண்களோடும் விலையோடும் கையில் இருந்தால் பாதிக் கதைகள் அங்கேயே அடிபட்டுப் போகும். ஆனால், மெனு கார்டை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? சாம்பார் கறை பட்டதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அச்சடிப்பதுதானே வழக்கம்!

நியூயார்க்கில் ஓர் அம்மணி அப்படி நினைக்கவில்லை. ஃபிராங்க் பட்டால்ஃப் என்பது அவர் பெயர். ஆண் பெயர் போலத் தோன்றினாலும் பெண்மணிதான். 1900-ம் ஆண்டு முதல் நியூயார்க் பொது நூலகத்துக்காக மெனு கார்டுகளைச் சேர்க்கத் தொடங்கினார். ஹோட்டல்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார், நேரில் போய்க் கேட்டார். சுமார் 25,000 மெனு கார்டுகள் சேர்ந்தன. எந்த ஆண்டில் என்ன சாப்பிட்டார்கள், எந்த மீன் எப்போது மெனுவில் இருந்து காணாமல்போனது, விலை எப்படி ஏறியது என்று ஆராய்கிறவர்களுக்கு இன்று அது ஒரு கருவூலம்.

கோட்டையூரில் ஒரு ரோஜா

நம் ஊரில் இப்படி ஒருவர் இல்லையா? இருந்தார். செட்டிநாட்டின் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. தொழில், போர்டு எழுதுவது. ‘ரோஜா’ என்பது அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட பெயர். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிய கைகள், பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்தன. கிட்டத்தட்ட ஒரு லட்சம் உருப்படிகள்!

1992-ல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால், அது அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறவில்லை. சென்னையிலேயே 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்து, இன்று தரமணியில் இயங்குகிறது. ஒரு பெயர்ப் பலகை ஓவியரின் ஆசை, தமிழ் ஆராய்ச்சிக்கே அஸ்திவாரம் ஆனது.

ஹோட்டல் தொழிலில் இருப்பவர்களிலும் இந்த ஆசை உள்ளவர்கள் உண்டு. பார்க் ஹோட்டல்களை நடத்தும் குழுமத்தின் தலைவர் பிரியா பால், பழைய தீப்பெட்டி லேபிள், ஜவுளி லேபிள், விளம்பர அட்டை, போஸ்ட் கார்டு என்று ஆயிரக்கணக்கில் சேர்த்தவர். ‘தஸ்வீர் கர்’ என்ற அமைப்பின் மூலம் அவை டிஜிட்டல் வடிவம் பெற்றன.

காகிதம் பேசும் தேதி

பழைய ஹோட்டல் காகிதங்களில் தேதி இருக்காது. ஆனால், துப்பறியத் தெரிந்தால் தேதியைக் கண்டுபிடிக்கலாம். வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட ஏற்ற விளையாட்டு இது.

விலை அணாவில் இருக்கிறதா? 1957 ஏப்ரலுக்கு முந்தைய காகிதமாக இருக்கலாம். அப்போதுதான் ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது. ‘நயா பைசா’ என்றே அச்சாகியிருந்தால் 1957-ல் இருந்து சில ஆண்டுகளுக்குள். 1964-ல் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆனது.

‘மதராஸ் ராஜ்யம்’ என்று இருந்தால், மாநிலத்தின் பெயர் ‘தமிழ்நாடு’ என்று மாறிய 1969-க்கு முன். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். ‘லை’, ‘னை’ எழுத்துகள் தும்பிக்கை போல் வளைந்த பழைய வடிவில் இருந்தால், பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. ‘மெட்ராஸ்’ போய் ‘சென்னை’ அதிகாரபூர்வமானது 1996-ல்.

மணவாள நகர்ப் பக்கம் கிடைக்கும் காகிதங்களுக்கு இன்னொரு சுலபமான சோதனை உண்டு. முகவரியில் ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்றோ, ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’ என்றோ இருந்தால், அது 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன் அச்சானது. ஜி.எஸ்.டி எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பிறகு.

இந்தக் காகிதங்கள் இனிமையான நினைவுகளை மட்டும் சொல்வதில்லை. ‘பிராமணாள் காபி ஹோட்டல்’ என்று எழுதிய போர்டுகளும் அச்சடித்த பில்களும் ஒரு காலத்தில் சாதாரணம். 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன், அந்தச் சொல்லை நீக்கச் சொல்லி திராவிடர் கழகம் நாள்கணக்கில் மறியல் நடத்தியது. யார் எந்த ஹோட்டலில் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பது ஒரு துண்டு பில்லில்கூடப் பதிவாகியிருக்கிறது. அழகான லேபிளை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கிழித்துப் போட்டால், பாதி வரலாறு போய்விடும்.

எங்கே தேடுவது, எப்படிக் காப்பது?

ஒரு காலத்தில் இந்த மாதிரித் தேடலுக்குச் சென்னை மூர் மார்க்கெட்தான் கோயில். 1985-ல் தீயில் எரிந்துபோனது. இன்று பழைய பேப்பர் கடைகள், பழைய புத்தகக் கடைகள், காரைக்குடிப் பக்கத்துப் பழம்பொருள் கடைகள், நாணய - தபால்தலைக் கண்காட்சிகள் இவற்றில் தேடலாம். அதற்கு முன் தேட வேண்டிய இடம் சொந்த வீட்டுப் பரண். அப்பாவின் பழைய டைரி, அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு, கல்யாண ஆல்பம்... இவற்றின் நடுவே ஏதாவது ஒரு ஹோட்டல் பில் நிச்சயம் ஒளிந்திருக்கும்.

தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் அள்ளக் கூடாது. ஓர் ஊர், அல்லது ஒரு வகை என்று வைத்துக்கொள்வது நல்லது. தீப்பெட்டி மட்டும், சாவி வளையம் மட்டும், ஸ்வீட் பாக்ஸ் அட்டை மட்டும் என்று சேர்க்கலாம். தீப்பெட்டி சேர்ப்பவர்களுக்கு நம் மாநிலம் சொர்க்கம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து, 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதில் இருந்துதான் சிவகாசி அச்சுத் தொழிலே வளர்ந்தது. ஹோட்டல் காலண்டர்கள் அங்கிருந்து வருவதும் அதன் தொடர்ச்சிதான்.

பழைய லேபிள் என்று சொல்லி நேற்று அடித்த பிரின்ட்டை விற்பவர்களும் உண்டு. இதற்கு எளிய சோதனை, கடைகளில் ரூபாய் நோட்டைப் பரிசோதிக்கும் அல்ட்ரா வயலட் விளக்கு. அதன் அடியில் காகிதம் பளீரென நீலமாக ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ரசாயனம் காகிதத்தில் பரவலானது 1950-களை ஒட்டித்தான். எனவே, ‘1920-ம் வருஷத்து லேபிள்’ ஒளிர்ந்தால் நடையைக் கட்டலாம்.

கிடைத்ததைக் காப்பதில் செய்யக் கூடாதவைதான் அதிகம். லேமினேஷன் செய்யக் கூடாது, அது காகிதத்துக்குச் சமாதி. செலோ டேப் ஒட்டக் கூடாது, சில ஆண்டுகளில் மஞ்சள் கறையாகிவிடும். ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு வேண்டாம். பழைய டிரங்குப் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைத் தண்ணீர் ஊற்றி உரிக்கவே கூடாது. பெட்டியும் லேபிளும் சேர்ந்தால்தான் அந்தப் பயணத்தின் கதை முழுமை பெறும்.

பின்பக்கத்தில் பென்சிலால், எங்கே, எப்போது, யாரிடம் கிடைத்தது என்று குறிக்க வேண்டும். வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பார்த்து, பூச்சி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். செல்போனில் இருபக்கமும் படம் எடுத்து வைத்தால், கரையான் அரித்தாலும் சேதி மிஞ்சும்.

இனி காகிதமே இல்லையா?

இன்று அறை எடுப்பது ஆப்பில். பணம் கட்டுவது க்யூ.ஆர் கோடில். பில் வருவது வாட்ஸ்அப்பில். மெனு கார்டுகூட மேஜையில் ஒட்டிய சதுரப் புள்ளிக் கட்டமாகிவிட்டது. நாளைக்கு அந்த ஹோட்டல் மூடப்பட்டால், அதன் பக்கமும் இணையத்தில் இருந்து மறைந்துவிடும். 1937-ன் ஹோட்டலைப் பற்றி ஒரு லேபிளை வைத்துக்கொண்டு பேச முடிகிறது. 2025-ன் ஹோட்டலைப் பற்றி 2080-ல் பேச எதை வைத்துக்கொள்வது?

பெரிய ஹோட்டல்களுக்காவது புகைப்படமும் புத்தகமும் இருக்கும். தொழிற்பேட்டைகளைச் சுற்றி இருக்கும் மெஸ்களுக்கு என்ன இருக்கிறது? மாதச் சாப்பாட்டுக்கு ஓட்டை போட்டுத் தரும் டோக்கன் அட்டை, ‘சப்பாத்தி கிடைக்கும்’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டிய தாள், ஆண்களுக்கு ரூம் வாடகைக்கு என்ற நோட்டீஸ், லாட்ஜ் ரசீது... மணவாள நகரையும் கும்மிடிப்பூண்டியையும் கட்டி எழுப்பிய தொழிலாளிகள் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எங்கே படுத்தார்கள் என்பதற்கு இவைதான் ஆவணம். கன்னிமாராவின் லேபிளைத் தேடி ஏலத்தில் பணம் கட்ட ஆள் இருக்கிறது. மெஸ் டோக்கனைக் கேட்டு வாங்கி வைக்கத்தான் ஆள் இல்லை. அதற்கு விலையும் இல்லை, கேட்டால் யாரும் மறுக்கவும் மாட்டார்கள்.

வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் போதும். அடுத்த முறை வெளியூரில் தங்கும்போது ரசீதைக் கசக்கிப் போடாமல் தேதியெழுதி அதில் போட்டு வைக்கலாம். தெருமுனை மெஸ்காரரிடம், ‘பழைய அட்டை ஏதாவது இருக்காண்ணே?’ என்று கேட்டுப் பார்க்கலாம். இன்றைக்கு அது வெறும் காகிதம்தான். ஐம்பது வருஷம் கழித்து, நம் ஊரில் யார் யார் வந்து பசியாறி, கண்ணயர்ந்து போனார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல, அந்தக் காகிதம்தான் இருக்கும்.